இடுப்பில் செருகிய ரோட்டர்

செல்ஃப் நன்றாகத்தான் எடுக்கிறது. பேட்டரி புதுசு, எடுக்காமல் என்ன செய்யும். ரிர்ர்ர் ரிர்ர்ர் என்று சுற்றுகிறது, இதோ பிடித்துக்கொண்டுவிடும் என்று நினைக்கிறபோது அடங்கிவிடுகிறது. இது நாலாவது தடவை. நான் அடுப்படியில் ரவை வறுத்துக்கொண்டிருக்கிறேன். ரவை எப்போதோ வறுபட்டு, சிவந்துகூடப் போய்விட்டது, ஆனாலும் கை நிற்கமாட்டேன் என்கிறது. ஜன்னலுக்கு நேரே வாசலில் அம்பாசடர் குறுக்காக நிற்கிறது. அவர் இறங்கி பானெட்டைத் தூக்குகிறார். அவர் என்றால் என் வீட்டுக்காரர், திருமூர்த்தி. ஆனைமலை ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறவர். ஊரில் யார் வண்டி மக்கர் பண்ணினாலும் மெக்கானிக்குக்கு முன்னால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இன்றைக்குத் தன் வண்டி ஏன் கிளம்பவில்லை என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். காரணம் என் இடுப்பில், சேலைச் செருகலில், கைக்குட்டையில் முடிந்து இருக்கிறது. ரோட்டர். கட்டைவிரல் பருமனில் ஒரு பழுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைத் தகடு, அவ்வளவுதான். இன்ஜின் பக்கத்தில் டெல்கோ என்கிற டப்பாவின் மூடிக்குள் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி நாலு பிளக்குக்கும் கரண்டைப் பரிமாறுகிற சாமான். பரிமாற ஆளில்லாத பந்தியில் இலை போட்டு என்ன, சோறு வெந்து என்ன. நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் அதை நான்தான் கழற்றினேன். குனியும்போதெல்லாம் அது விலாவில் குத்துகிறது. குத்தட்டும்.

மணி ஆறே கால். ஏழு மணிக்கு நாச்சிமுத்து வாத்தியார் வீட்டார் வருவார்கள். அவர், அவர் சம்சாரம், மகள் கலாமணி, அவள் கைக்குழந்தை. பிரசவத்துக்கு வந்த மகளைப் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், மருமகன் வால்பாறையில் எஸ்டேட் ஆபீஸில் இருக்கிறான். எட்டு மணி வரைக்கும் நல்ல நேரம், அதற்குள் வண்டி ஏறிவிட வேண்டும் என்று வாத்தியாரம்மா நேற்றே இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள். வால்பாறை என்றால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் நின்று பார்த்தால் கீழே ஆழியாறு அணை முழுசும் தெரியும், எல்லாரும் அங்கே இறங்கி வேடிக்கை பார்ப்பார்கள். நானும் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கிறேன். இப்போது கண்ணை மூடினால் அந்த அணை மட்டும்தான் வருகிறது. தண்ணீர், அதற்கு மேலே ரோடு, ரோட்டில் எங்கள் வண்டி, ஸ்டீரிங்கில் இவர் கை, அந்தக் கை சும்மா இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு நாலு மாசம்தான் ஆகிறது. ரவை கருகுகிறது. அடுப்பைக் குறைத்தேன், குறைத்தேனா அணைத்தேனா, அணைத்திருக்கிறேன். எனக்கும் இப்படியெல்லாம் ஆக ஆரம்பித்துவிட்டதோ. ஊஹூம், இது வேறு. இது பயம். பயத்தில் மறந்தால் மறந்தது நினைவிருக்கும். அவருக்கு வருவதில் அதுதான் கிடையாது.

கோமங்கலம் தாண்டி, இரண்டு பக்கமும் புளியமரம் நிற்கிற ரோடு. போன மாதம் பழனியிலிருந்து ஆளை இறக்கிவிட்டுத் திரும்பினோம், வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் முன் சீட்டில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். ஒன்று உரித்து அவர் வாய்க்கு நீட்டினால் வாங்கவில்லை. ஆனால் வாய் மெல்லுகிறது. ஒன்றுமே இல்லாமல் மெல்லுகிறது. கண் திறந்திருக்கிறது, ரோட்டைத்தான் பார்க்கிறது, பார்க்கவும் இல்லை. ஏனுங்க, ஏனுங்க என்கிறேன், வண்டி மெல்ல இடது பக்கமாகப் புளியமரத்தைப் பார்த்துப் போகிறது. அப்போது எனக்கு என்ன புத்தி வந்தது தெரியுமா? நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடு என்பார்களே, அது. பிரேக் ஞாபகம் வரவில்லை, ஸ்டீரிங் ஞாபகம் வரவில்லை. இரும்பு, இரும்பு என்று தேடினேன். கண்ணில் பட்டது சாவிக்கொத்து. வெடுக்கென்று பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். வலிப்பு நின்றதோ இல்லையோ, சாவியைப் பிடுங்கியதில் இன்ஜின் நின்றுவிட்டது. வண்டி விக்கி விக்கிப் போய் ஓரத்து மண்ணில் முன்சக்கரம் புதைந்து நின்றது. மரத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையைப் பார்த்தார். "சாவிய ஏன் எங்கையில வெச்சிருக்கறே? வண்டிய ஏன் நிப்பாட்டுனே?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அதற்கப்புறம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பிடும்போது ஒரு நாள் உருட்டிய சோறு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. நான் மனசுக்குள் எண்ணினேன். முப்பது. முப்பத்தொன்றுக்கு ரசம் ஊத்து என்றார். இன்னொரு நாள் துணி காயப்போடும் கொடியடியில். அன்றைக்கு இருபத்தாறு. மொத்தம் நாலு தடவை, நான் பார்த்தது. பார்க்காதது எத்தனையோ. மெதுவாகப் பேச்செடுத்தேன். கோயமுத்தூரில் நரம்புக்கென்றே டாக்டர் இருக்கிறாராம், ஒரு எட்டுப் போய் வருவோமே என்றேன். வந்ததே கோபம். "தூக்கக் கலக்கம். ராவெல்லாம் முழிச்சு ஓட்டறவனுக்கு வராதா? டாக்டரு ஒரு சீட்டு எழுதுனான்னா முடிஞ்சுது, லைசன்ஸு போயிரும். அப்பறம் நா எந்தத் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போறது?" என்று கத்திவிட்டு, அப்புறம் குரல் இறங்கி, என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்தார். "வெளிய ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டன்னு எந்தலை மேல சத்தியம் பண்ணு." பண்ணினேன். வேறு என்ன செய்வேன். உச்சந்தலையில் முடி கொட்டி என் உள்ளங்கைக்குச் சூடாக இருந்தது. அந்தத் தலைக்குள்தான் எங்கேயோ என்னவோ ஆகிறது. வண்டி என்றால் மூடியைத் திறந்து பார்க்கலாம், எந்த ஒயர் விட்டிருக்கிறது என்று தடவிப் பார்க்கலாம். சத்தியத்தை நான் மீறவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை, வாத்தியாரம்மா நேற்று இரண்டு தடவை வந்தாளே, இரண்டு தடவையும் காபிதான் கொடுத்தேன். வாயால் சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம். கையைப் பற்றி ஒன்றும் பேச்சில்லையே. இப்படியெல்லாம் வக்கீல் மாதிரி யோசிக்க நான் எப்போது கற்றுக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பூ வாங்கப் போனவள் கண்டக்டரிடம் கோயமுத்தூர் பஸ் நேரம்கூடக் கேட்டு வைத்திருக்கிறேன், கேட்டு என்ன ஆகப்போகிறது, பஸ் வரும் போகும்.

அவர் ஏர் கிளீனரைக் கழற்றுகிறார். பெட்ரோலைப் பார்க்கிறார். பெட்ரோல் வரும், பாவம். பெட்ரோல், பேட்டரி எல்லாம் சரியாகவே இருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அவர் டெல்கோ பக்கம் வந்துதான் ஆக வேண்டும். மூடியைத் திறந்தால் தீர்ந்தது. ரோட்டர் தானாக நடந்து போகாது. கழற்ற யாருக்குத் தெரியும்? இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும், சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே. கல்யாணமான முதல் வருஷம் நோம்பி, பண்டிகை என்று வந்தால் ஒரு ஊர் போவோம். தெரியாத ஊரில் வண்டியை நிறுத்தினால் பானெட்டைத் தூக்கி, மூடியின் இரண்டு கிளிப்பையும் டக் டக்கென்று தட்டி, ரோட்டரைப் பிடுங்கி என் கையில் கொடுப்பார். "பத்திரம். இது உங்கிட்ட இருக்கறவரைக்கும் வண்டி ஒரு எட்டு நகராது." நான் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வேன். மற்றவளுக்கெல்லாம் புருஷன் பீரோச் சாவி கொடுப்பான், என் புருஷன் ரோட்டர் கொடுத்தான் என்று கூடப் பிறந்தவளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். கோயில் சுற்றும்போது அது இதே இடத்தில்தான் குத்தும், அப்போது குத்தினது சுகமாக இருந்தது. அப்புறம் ஊரெல்லாம் பழகிவிட்டது, அந்தப் பழக்கமும் நின்றுபோனது. நேற்று அவர் இன்றைய பயணத்துக்காக முடிவெட்டப் போனார். போன கையோடு சாவியை எடுத்தேன். பானெட்டைத் தூக்கினேன், அவசரத்தில் ஒரு கிளிப் நகத்தைக் கிழித்துவிட்டது. அவர் எனக்குச் செல்லமாகக் கற்றுக்கொடுத்ததை அவருக்கே செய்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. இப்போதுதான் தோன்றுகிறது, இப்போது தோன்றி என்ன பிரயோஜனம்.

"மயிலா! ஏ மயிலா! சித்த வந்து செல்ஃப் அடி."

"அடுப்புல வேலையா இருக்கறனுங்க."

"எறக்கி வெச்சுப்போட்டு வா. வாத்தியாரு வந்துருவாரு."

போகாமல் எப்படி இருப்பது. இந்த வண்டிக்கு கிளீனர் நான்தான், இருபது வருஷமாக. அவர் பிளக்கைப் பார்ப்பார், நான் சாவியைத் திருப்புவேன். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், உட்கார்ந்ததும் ரோட்டர் இடுப்புச் சதையில் அழுந்தியது. திருடன் வீட்டிலேயே திருடு கொடுத்தவன் துப்புக் கேட்கிற கதை. பானெட் தூக்கியிருப்பதால் அவர் முகம் தெரியாது. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் சந்து இருக்கிறது, அதன் வழியாக அவருடைய இரண்டு கை மட்டும் தெரிகிறது. முதலில் ஒரு பிளக் ஒயரைப் பிடுங்கி நுனியை இன்ஜின் பக்கத்தில் பிடித்தார். அடி என்றார். திருப்பினேன். ஒன்றும் இல்லை. அடுத்தது, அடி. ஒன்றும் இல்லை. பிறகு கரண்டைக் கிளப்பி அனுப்புகிற காயிலில் இருந்து வருகிற நடு ஒயரைப் பிடுங்கிப் பிடித்தார். அடி. திருப்பினேன். டிக் டிக் டிக்கென்று நீலமாகப் பொறி பறந்தது, எனக்கே சந்து வழியாகத் தெரிந்தது. "காயில்ல நல்லா வருது. நீலமா வருது," என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா. "பிளக்குக்குத்தான் வர்லை." அவ்வளவுதான், இனிமேல் நடுவில் இருப்பது டெல்கோ ஒன்றுதான். நேற்றுப் பிறந்த மெக்கானிக்குக்கும் தெரியும். நான் சாவியை விட்டுவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டேன். ஓடிப் போய்க் கொடுத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. இந்தாங்க, புத்தி கெட்டுப்போய் எடுத்துட்டேன் என்று கொடுத்துவிடலாம், கொடுத்தால் ஏழு மணிக்கு வண்டி கிளம்பும், ஒன்பதாவது வளைவு வரும். நானும் கூட ஏறிக்கொள்கிறேன் என்றால்? ஏறிக்கொண்டு என்ன செய்வேன், சாவியைப் பிடுங்கிக் கையில் வைப்பேனா, மலையில் புதைந்து நிற்க மண் எங்கே இருக்கிறது. டக் என்றது ஒரு கிளிப். டக் என்றது இன்னொன்று.

அப்புறம் சத்தமே இல்லை. கை தெரிகிறது. இடது கையில் மூடி, ஒயரெல்லாம் தொங்கத் தொங்க. வலது கை இன்ஜின் விளிம்பில். இரண்டும் அசையவில்லை. கத்துவார் என்று காத்திருக்கிறேன். மயிலா என்று ஒரு சத்தம் வரும், தெருவே திரும்பிப் பார்க்கும், கை ஓங்குகிறவர் இல்லை, ஆனால் இன்றைக்கு ஓங்கினாலும் ஓங்கட்டும். வரவில்லை. சத்தம் வரவில்லை. ரோட்டர் இல்லாததைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா, இல்லை அது வந்துவிட்டதா? பார்த்துக்கொண்டு நிற்கிற கைக்கும் அது வந்து நிற்கிற கைக்கும் என்ன வித்தியாசம், எனக்குத் தெரியவில்லையே, முகம் தெரிந்தால் வாய் மெல்லுகிறதா என்று பார்க்கலாம், முகத்தைத்தான் பானெட் மறைத்துக்கொண்டிருக்கிறதே. எட்டு, ஒன்பது, பத்து. எப்போது எண்ண ஆரம்பித்தேன் தெரியாது. மாரியம்மா, ரோட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். என்னை அடிக்கட்டும், வேண்டாமென்று அறுத்துவிடட்டும், பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கட்டும். பதினேழு. காக்காய் ஒன்று மதிலில் கத்துகிறது. மூடியிலிருந்து ஒரு ஒயர் மெல்ல ஆடுகிறது, கை ஆட்டியதா காற்றா. இருபத்திரண்டு. என் கை தானாகச் சாவிக்குப் போயிருக்கிறது. பிடுங்கி எடுத்துக்கொண்டு ஓடி அந்த வலது கையில் வைக்க வேண்டும் போல் இருக்கிறது. வெறும் சாவியால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் அதுதான் தோன்றுகிறது. இருபத்தெட்டு. கதவைத் திறந்தேன், ஒரு காலை வெளியே வைத்தேன். டக். டக். இரண்டு கிளிப்பும் மாட்டிக்கொண்ட சத்தம்.

"இன்னொருக்கா அடி," என்றார்.

குரலில் ஒன்றுமே இல்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டு திருப்பினேன். ரிர்ர்ர் என்று சுற்றியது. ரோட்டர் இல்லாத வண்டியை இன்னொருக்கா அடி என்கிறார். மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார், அடி என்கிறார். பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? குருடன் தடவினாலே தெரியும், நடுவில் மொட்டைத் தண்டுதான் நிற்கும். அப்படியானால் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுத்தான் அடி என்கிறார். "போதும், உடு," என்றார். பானெட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார், என் பக்கம் திரும்பவில்லை, நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். அப்போதுதான் என் தலையில் இடி விழுந்தது. டிக்கியில் பிஸ்கட் டின் இருக்கிறது. அந்த டின்னில் பழைய பாயிண்ட் ஒன்று, கண்டென்சர் இரண்டு, ஃபேன் பெல்ட், அதற்கு அடியில் ஒரு ரோட்டர். ஸ்பேர் ரோட்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் உடுமலையில் வாங்கியபோது நானும்தான் கூட இருந்தேன். இத்தனை யோசித்தவள் அதை யோசிக்கவில்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் புழக்கடையைத் திறந்து போட்டிருக்கிறேன். சைடு கண்ணாடியில் பார்த்தேன். டின்னைக் கிளறினார். ஃபேன் பெல்ட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். எடுத்துவிட்டார். இரண்டு விரலில் பிடித்து, வெளிச்சத்துக்குக் காட்டி, பித்தளைத் தகட்டைச் சட்டையில் துடைத்தார். இரண்டு நிமிஷ வேலை, மூடியைத் திறந்து செருகினால் வண்டி ஒரே அடியில் பிடித்துக்கொள்ளும். அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனைக்கும் அப்புறம் போகத்தான் போகிறாயா, அந்தச் சிசுவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறாயா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டிக்கியை மூடினார். முன்பக்கம் வரவில்லை. அங்கேயே, டிக்கிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

நாச்சிமுத்து வாத்தியார் வீட்டார் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். வாத்தியார் கையில் பெட்டி, அவர் சம்சாரம் கையில் தூக்குப்போசியும் பழக்கூடையும், கலாமணி தோளில் குழந்தை. நான் வண்டியிலிருந்து இறங்கி வாங்க வாங்க என்றேன், குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"என்னப்பா திருமூர்த்தி, கெளம்பற நேரத்துல பானெட்டத் தூக்கி வெச்சிருக்கறே?"

"காயில் செத்துப்போச்சுங்க ஐயா," என்றார் இவர். "ஒரு பொறிகூட வரமாட்டீங்குது. பொள்ளாச்சி போயித்தான் வாங்கியாரோணும்."

காயில். நீலமாக வருகிறது என்று கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே வாய்தானே சொன்னது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பை லேசாகப் புடைத்திருந்தது. வாத்தியாரம்மா பழக்கூடையைக் கீழே வைத்தாள்.

"நல்ல நேரம் போகுதல்லொ? மொதமொதல்ல பையன் அப்பன் ஊட்டுக்குப் போறான், வாசப்படி தாண்டறக்குள்ள இப்படித் தட்டுதே. நேத்தே பாத்து வெக்கறதில்லீங்களா?"

"தப்புத்தானுங்க அம்மணி. என்ற தப்புத்தான்."

"நாங்க நம்பித்தானே வந்தோம்."

"மைதீன் பாய் வண்டி ஸ்டாண்டுல நிக்குதுங்க. நல்ல வண்டி. என்னைய உட அவுரு மலையில நிதானமா ஓட்டுவாரு. நானே போயிக் கூட்டியாரன், எட்டு மணிக்குள்ள ஏத்தி உட்டர்றன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இன்னொருத்தன் தன்னைவிட நன்றாக ஓட்டுவான் என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வாத்தியார் வண்டியைச் சுற்றி வந்து, காயில் எது என்றுகூடத் தெரியாமல் இன்ஜினை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். வாத்தியாரம்மா என்னோடு பேசவில்லை. இனிமேல் நல்ல காரியம் எதற்கும் இந்த வாசலுக்கு வரமாட்டாள், வராதது மட்டுமல்ல, தெருவில் நாலு வீட்டில் சொல்வாள், அந்த வண்டி தடுக்கும் என்பாள். சொல்லட்டும். கலாமணிதான், "அக்கா, சித்த புடிங்க," என்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்தாள். பால் வாசம். கண் மை, நெற்றியில் பெரிய பொட்டு, கன்னத்தில் திருஷ்டிக்கு இன்னொன்று. இடுப்பில் வைத்தால் ரோட்டர் உறுத்தும் என்று மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன். அது என் கழுத்தில் வாயை வைத்து ஈரம் பண்ணியது, ஒரு கையால் என் மூக்கைத் தேடியது. இவ்வளவுதான் எடை. இதற்காகத்தான். உனக்கு அபசகுனம் பண்ணினவள் நான்தான் சாமி என்று அதன் காதில் சொன்னேன், அது சிரித்தது. வாயைத் திறந்து நான் வெளியே சொன்னது அந்த ஒரு ஆளிடம் மட்டும்தான்.

ஏழே முக்காலுக்கு மைதீன் பாய் வண்டி வந்தது. இவர் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார், கதவைச் சாத்தினார், ஜன்னலில் குனிந்து பாயிடம் என்னவோ சொன்னார். வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் நின்று பார்த்தார். அப்புறம் எங்கள் வண்டியின் பானெட்டை இறக்கினார். அடித்துச் சாத்தவில்லை, இரண்டு கையாலும் அமுத்தி மூடினார். நான் உள்ளே வந்துவிட்டேன். அந்தச் சிவந்த ரவையிலேயே உப்புமா கிளறினேன். அவர் தொட்டியடியில் மண்ணெண்ணெய் தொட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற சத்தம் கேட்டது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று ஒவ்வொரு செம்புத் தண்ணீருக்கும் நினைத்தேன். வந்தார். தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படியிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தின்றார். கருகல் வாசம் எனக்கே அடித்தது. பாதியில் கை நின்றது. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துவிட்டேன்.

"எண்ணாத," என்றார். "நல்லாத்தான் இருக்கறன்."

நான் எண்ணுவது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் தட்டைக் கீழே வைத்தார். ஈரக் கையால் சட்டைப் பையைத் துழாவி அந்த ஸ்பேர் ரோட்டரை எடுத்து, அடுப்பு மேடையில் காபி டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

"இதையும் அதோட வெச்சுக்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பத்திரம்," என்றார்.

நான் எடுத்தேன். இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவி முடிச்சை அவிழ்த்து இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை, கண் நிறைந்திருந்ததால் விரலே தெரியவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து அவர் பக்கத்தில் தரையில் கிடந்தது, அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"மயிலா. கோயமுத்தூருக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"அஞ்சே முக்காலுக்குங்க," என்றேன். பத்து நாளாக அது என் நாக்கு நுனியிலேயேதான் இருந்தது.